கவலைத் தோலில் வந்த குரோமியம்

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறி வடக்கே போனால், தாம்பரம் தாண்டியதும் குரோம்பேட்டை. தெற்கே போனால், செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலம். இரண்டும் இன்று ஒரே மாவட்டம். பாலத்தின் கீழே அகலமாகக் கிடக்கும் அந்த மணல் கிழக்கே நீண்டு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூருக்கும் கடலூருக்கும் நடுவில் கடலோடு சேர்கிறது. (இந்தக் கடலூர் வேறு, ஒரு சிற்றூர். தென்னாற்காட்டுக் கடலூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மாமல்லபுரம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரையிலான இந்தக் கரையின் சேற்றையும் தண்ணீரையும் எடுத்துப் போய் ஆராய்கிறவர்கள் காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல், குரோமியம் என்று வரிசையாக அளப்பார்கள். இவற்றில் பாதி நமக்குப் பழைய சொந்தம். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டு ஈயம். அடுப்பங்கரையில் இருந்தது செம்பு. குரோமியம் அப்படி இல்லை. அது தமிழ்நாட்டுக்கு எந்த வேலைக்காக, யார் கையால், ஏறக்குறைய எந்த ஆண்டில் வந்து இறங்கியது என்று சொல்லிவிடலாம். கெடுதல் செய்ய வந்ததல்ல அது. உழவனின் கிணற்றுக்கு உதவியாக வந்தது.

கதை பாரிஸில் தொடங்குகிறது. உரால் மலைச் சுரங்கத்திலிருந்து வந்த செம்மஞ்சள் நிறப் படிகம் ஒன்று அங்கே வேதியியலாளர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. சைபீரியச் சிவப்பு ஈயம் என்று பெயர். உள்ளே ஈயம் இருப்பது தெரியும். நிறத்தைக் கொடுப்பது எது என்பது தெரியாது. 1797-ல் லூயி நிக்கோலா வோக்லான் அதைப் பிரித்துப் பார்த்து, புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டார். தொட்ட கலவையெல்லாம் மஞ்சளாக, பச்சையாக, சிவப்பாக மாறியதால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் காரணம் அதுதான் என்பது பிறகு தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் குரோமியம் சாயக்காரர்களின் சரக்காகவே இருந்தது.

அதைத் தோலுக்குக் கொண்டுவந்தவர்கள் பிற்பாடு வந்தார்கள். குரோமிய உப்பில் தோலைப் பதனிட முடியும் என்று ஜெர்மானியரான ஃபிரெடரிக் க்னாப் 1858-லேயே எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1884-ல் நியூயார்க்கில் சாயச் சரக்கு வியாபாரத்தில் இருந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அந்த வேலையில் இறங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் வேடிக்கையானது. அக்காலத்து மேல்நாட்டுப் பெண்களின் இடுப்புக் கச்சையில் எஃகுப் பட்டிகள் இருக்கும். மேலே தோல் உறை. படிகாரமும் உப்பும் போட்டுப் பதனிட்ட தோலில் அந்த எஃகு துருப்பிடித்தது. துரு ஏறாத தோல் வேண்டும் என்று ஒருவர் கேட்க, ஷூல்ட்ஸ் பைக்குரோமேட்டை எடுத்தாராம். அவருடைய முறையில் தோலை இரண்டு கரைசல்களில் அடுத்தடுத்து முக்க வேண்டும். 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே கரைசலாகச் சுருக்கினார். இன்று உலகத்தில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி அந்த ஒரே கரைசல் முறையின் வழித்தோன்றல்தான்.

பச்சைத் தோல் அழுகும் பொருள். உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அழுகாது, நீரில் ஊறிக் கூழாகாது. ஓலைக் கூரையின் குறுக்குக் கழிகளைக் கயிறு போட்டுக் கட்டுவது மாதிரி. நம் ஊரில் அந்தக் கயிறு ஆவாரம்பட்டை. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். குழியில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் நனைத்து முடிக்க வாரக்கணக்காகும். குரோமிய உப்போ சுழலும் மர டிரம்மில் ஒரே நாளில் வேலையை முடித்துவிடும். தோலும் தாங்கும். பட்டையில் பதனிட்ட தோல் கொதிநீரில் விழுந்தால் சுருண்டுவிடும். குரோமில் பதனிட்டது சுருங்காது. இன்றைக்கும் டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு சென்னையில் இடியாக இறங்கியது. சென்னை ராஜதானியின் பட்டைத் தோல் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் விலைபோன சரக்கு. பெரியமேட்டுத் தோல் மண்டிகளும், வட ஆற்காட்டு முஸ்லிம் வியாபாரிகளும், சுண்ணாம்புக் குழியில் இறங்கி உடம்பு வெந்த தலித் தொழிலாளர்களும் சேர்ந்து வளர்த்த வியாபாரம். 1890-களில் அமெரிக்கர்கள், குறிப்பாக பிலடெல்பியாக்காரர்கள், குரோம் முறையில் ஆட்டுத்தோல் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பதனிட்ட தோல் தேவையில்லை. பச்சைத் தோல்தான் வேண்டும். நல்ல விலை கொடுத்து வாரிக்கொண்டு போனார்கள். உள்ளூர் டேனரிகளுக்கு ஆட்டுத்தோல் கிடைப்பதே பாடாகிவிட்டது. பல இடங்களில் குழி காய்ந்தது.

இங்கேதான் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் வருகிறார். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக வந்து, பிறகு பெரியமேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓவியப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. 1898-ல் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் அடிக்க ஆரம்பித்து, அது ஓட ஆரம்பித்ததும் தனியாரிடம் கொடுத்தார். அரசு முதலில் செய்து காட்டும், ஊர்க்காரர்கள் பிறகு எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கொள்கை. அடுத்து 1903 வாக்கில் கையில் எடுத்தது குரோம் தோல்.

தோல் செய்தாகிவிட்டது. யாருக்கு விற்பது? பூட்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குச் சொற்பம். ஆனால் கிராமத்தில் எல்லா உழவனும் தோல் வாங்கினான், கிணற்றுக்கு. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில், சால் என்ற வாளியின் அடியில் தொங்கும் தோல் வால் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தண்ணீருக்குள் இறங்கி ஏறும். நனைந்து காய்ந்து, காய்ந்து நனைந்து, பட்டையில் பதனிட்ட தோல் சீக்கிரமே நைந்துவிடும். குரோம் தோலுக்கு நீர் ஒரு பொருட்டில்லை. சாட்டர்ட்டனின் பட்டறை கவலைக்கான தோலைச் செய்து விற்றது. செருப்பும் பிற சாமான்களும் செய்தார்கள் என்றாலும் ஆரம்ப காலத்தில் குரோம் தோலுக்கு இந்த ஊரில் ஒரு தேவையை உண்டாக்கியது கிணறுதான். பின்னாளில் அதே உலோகத்தின் பெயர் எத்தனை கிணறுகளின் வழக்கில் வந்து நின்றது என்பதை வைத்துப் பார்த்தால், வரலாறு சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே குறும்பு செய்கிறது. இன்னொரு குறும்பும் உண்டு. அதே ஆண்டுகளில் அதே சாட்டர்ட்டன் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்று நீர் இறைப்பதையும் ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தார். கவலைக்கு நல்ல தோலைக் கொடுத்த கையாலேயே அதற்குச் சாவுமணியும் அடித்தார்.

அரசே தொழில் நடத்துவது இங்கிலாந்துக்குப் பிடிக்கவில்லை. சென்னையில் இருந்த ஐரோப்பிய வியாபாரிகளும் முணுமுணுத்தார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910-ல் அனுப்பிய உத்தரவு இந்த மாதிரி முயற்சிகளுக்கு முட்டுக்கட்டை போட்டது. அரசுப் பட்டறை கைமாறியது. ஆனால் தொழில்நுட்பம் ஊரில் தங்கிவிட்டது. 1912 வாக்கில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். நாளடைவில் கம்பெனியைச் சுற்றி வளர்ந்த பேட்டைக்கு அதுவே பெயரானது. இன்று அங்கே ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள் ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார்கள், தாங்கள் இறங்கும் ரயில் நிலையத்தின் பலகையில் எழுதியிருப்பது ஒரு தனிமத்தின் பெயர் என்று.

குரோமின் கதையில் அதன் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு வேண்டியிருந்தது நம் ஆவாரம்பட்டைத் தோல்தான். அரசு அதை மொத்தமாக வாங்கியது. அதனால் பட்டைத் தொழில் பிழைத்துக்கொண்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுக் கரை நெடுக டேனரிகள் பெருகின. பதனிடத் தண்ணீர் வேண்டும், ஆற்று மணலைத் தோண்டினால் தண்ணீர் கிடைத்தது. 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு வரை தமிழ்நாட்டிலிருந்து பெருமளவில் கப்பலேறியது பாதி பதனிட்ட பட்டைத் தோலே.

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது ஒரு நல்ல கொள்கை. பச்சைத் தோலையும் அரைகுறைத் தோலையும் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, அதிலிருந்து செய்த பூட்ஸை அதிக விலைக்கு வெளிநாட்டுக்காரன் விற்பதா என்ற கேள்வி 1970-களின் தொடக்கத்தில் எழுந்தது. சீதாராமையா குழு 1972-ல் பரிந்துரை செய்ய, 1973-ல் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. பட்டைத் தோலுக்கு உச்சவரம்பு வந்தது. முழுதாக முடித்த தோலும் ஷூவும் மட்டுமே இனி லாபம். முடித்த தோல் வேண்டுமென்றால் வேகம் வேண்டும், ஒரே சீரான தரம் வேண்டும், சாயம் பிடிக்க வேண்டும். அதாவது குரோம். டேனரிகள் குழியை மூடி டிரம்மை வாங்கின. டிரம்மிலிருந்து வெளிர்நீலமாக வெளியே வரும் ஈரத் தோலுக்கு இன்றும் 'வெட் புளூ' என்றுதான் பெயர். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். அந்தக் கொள்கையை இன்றைக்கும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோலை விற்கும்போது கழிவை யார் வைத்துக்கொள்வது என்ற ஒரே ஒரு வரி அதில் விடுபட்டுப்போனது.

இவ்வளவு டிரம்களுக்கும் குரோமிய உப்பு யார் தருவது? 1970-களின் நடுவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொடங்கியது. குரோமைட் தாதுவைச் சோடாவோடு சேர்த்து உலையில் வறுத்து, நீரில் கரைத்து, சோடியம் பைக்குரோமேட் எடுத்து, அதிலிருந்து டேனரிக்கு வேண்டிய பச்சை உப்பைச் செய்வார்கள். இந்த இடத்தில் வேதியியலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குரோமியத்துக்கு இரண்டு முகம். தோலுக்குள் போகும் மூவிணைக் குரோமியம் சாது: நீரில் அவ்வளவாகக் கரையாது, உடம்புக்குள் எளிதில் நுழையாது. பைக்குரோமேட்டில் இருப்பது அறுவிணைக் குரோமியம். நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு ஓடும், உயிரணுவுக்குள் புகும். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவதும், தோலில் ஆறாத புண் வருவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த செய்தி. அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதிலும் இன்று ஐயமில்லை.

ஆலை இருபது ஆண்டு ஓடி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. வறுத்துக் கரைத்தது போக மிஞ்சிய சக்கை வளாகத்திலேயே குவிந்து கிடந்தது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதில் அறுவிணைக் குரோமியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாகக் கசிகிறது. 2006-ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அந்த மாதிரிப் பட்டியல்களில் கொஞ்சம் பரபரப்பு கலந்திருக்கும்தான். ஆனாலும் அந்தக் குவியலைப் பார்த்தவர்கள் பட்டியலோடு சண்டை போட மாட்டார்கள்.

டேனரிகளின் கணக்கு வேறு. டிரம்மில் போடும் குரோமிய உப்பில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் குடிக்கும். மிச்சம் கழிவுநீரில். ஒரு டன் பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். கடைசியில் கையில் நிற்கும் தோல் 200 கிலோ சொச்சம். கழிவில் போவது மூவிணைக் குரோமியம் என்பதால் அது ஓடைச் சேற்றில் சீக்கிரமே படிந்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். சேற்றில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால், அது மூவிணையில் ஒரு சிறு பங்கை மெதுவாக அறுவிணையாக மாற்றிவிடும் என்பதுதான் சிக்கல். சாது எப்போதும் சாதுவாகவே இருப்பான் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

பாலாற்றுக் கிணறுகளைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பழியையும் குரோமியத்தின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. நிலத்தைக் கெடுத்ததில் முதல் குற்றவாளி உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் கிலோக்கணக்கில் உப்பைத் தடவித்தான் டேனரிக்கு வருகிறது; முதல் கழுவலில் அத்தனையும் தண்ணீருக்குள் போகிறது. தென்னை காய்க்காமல் போனதும் நெல் வெளுத்ததும் பெரும்பாலும் இந்த உப்பால். குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்த்தி மீட்டு, மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். அதற்கான வழியை அடையாற்று நிறுவனம் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டது. உப்பை அப்படி வீழ்த்த முடியாது. காய்ச்சி எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அந்த உப்பு மூட்டையை எங்கே வைப்பது என்று விழிக்க வேண்டும். கழிவுநீரே வெளியேறக் கூடாது என்ற விதி வந்த பிறகு டேனரிகளின் பின்கட்டில் அந்த மூட்டைகள் அடுக்கடுக்காக நின்றன.

டேனரிகளின் மாசுக்கு எதிரான வழக்கு 1991-ல் போடப்பட்டது, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரில். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று திட்டவட்டமாகச் சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்ததை நீதிமன்றம் பதிவு செய்தது. மாசு செய்த ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். அந்தக் காலத்து மதிப்பிலும் அது ஒரு சிறிய லோடு தோலின் விலைகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தோலைத் தடை செய்தபோது, நம் டேனரிகள் விழுந்தடித்துக்கொண்டு அதைக் கைவிட்டன. ஷூவில் அறுவிணைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015-லிருந்து விதித்ததும் உடனே நடைமுறைக்கு வந்தது. வாங்குகிறவனின் காலுக்குக் கிடைத்த மரியாதை, ஆற்றங்கரைக்காரனின் கிணற்றுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆனது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை.

இனி நம் கரைக்கு வருவோம். பாலாறு 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு என்று புத்தகத்தில் இருக்கும். உண்மையில் அது ஓடுவதே அபூர்வம். ஆண்டில் பெரும்பாலான நாள் மணலுக்கடியில்தான் நீர். ஆகவே ராணிப்பேட்டைச் சேறு தினந்தோறும் கடலுக்கு வந்து சேர்கிறது என்று நினைத்தால் தவறு. அது மேலேயே, ஓடைகளிலும் ஏரிகளிலும் கிடக்கிறது. வெள்ளம் வரும் ஆண்டில்தான் கிளம்பும். 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் போனது. நூறாண்டுக்கு மேல் காணாத வெள்ளம் என்றார்கள். அந்த மாதிரி நாளில் பல ஆண்டுக் களிமண்ணைச் சில மணி நேரத்தில் ஆறு வழித்துக்கொண்டு வந்துவிடும். குரோமியம் ஒட்டிக்கொள்வது மணலில் அல்ல, களிமண்ணில். மணல் வழியிலேயே தங்கும்; களி கலங்கலாகவே கடல்வரை வரும். வயலூர் தடுப்பணைக்கு மேலே கொஞ்சம், கழிமுகத்துச் சேற்றில் கொஞ்சம், சதுரங்கப்பட்டினத்து உப்பங்கழியில் கொஞ்சம் என்று படியும். உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கீழே இறங்குவதால் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில்தான் படிவு அதிகம்.

கடலுக்குள் போனது எந்தப் பக்கம் நகரும் என்பதைக் கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே: தெண்டி. வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே: வன்னி. ஆறுகள் பெருகுவது வன்னிக் காலத்தில். எனவே பாலாற்றுக் கலங்கல் முதலில் செய்யூர்ப் பக்கமாகத் தெற்கே போகும். அதே நேரத்தில் வடக்கே அடையாறு கக்கியது மாமல்லபுரத்தை நோக்கி வரும். அடையாற்றின் வடிநிலத்தில்தான் குரோம்பேட்டையின் நாகல்கேணி டேனரிகள் இருக்கின்றன. ஆக, இந்தக் கரைக்குக் குரோமியம் வர இரண்டு வழி. இரண்டுக்கும் ஊற்றுக்கண் தோல்தான்.

ஆனால் ஒரு சேற்று மாதிரியில் இத்தனை மில்லிகிராம் குரோமியம் என்று அறிக்கை வந்தவுடன் டேனரியைக் கை காட்டிவிட முடியாது. இந்தப் பகுதியின் பாறையே கொஞ்சம் குரோமியம் வைத்திருக்கும். பல்லாவரத்துச் சார்னோகைட் பாறை உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் கிடக்கும் கல் இங்கிருந்து போனது. அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கே பெயர் வைத்தார். மாமல்லபுரம் கரையில் புயலுக்குப் பிறகு கருப்புக் கோடாகப் படியும் மணலில் இல்மனைட்டும் மேக்னடைட்டும் கார்னெட்டும் இருக்கும்; அவற்றிலும் ஓரளவு குரோமியம் உண்டு. உலகச் சராசரிக் களிப்பாறையில் கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்பது 1961-லிருந்து எல்லோரும் ஒப்பிடும் எண். ஒரு மாதிரியில் 180 வந்தால் இரட்டிப்பு மாசு என்று அலறத் தோன்றும். அதே மாதிரியில் அலுமினியமும் சராசரியைவிட இரண்டு மடங்கு இருந்தால்? அப்படியென்றால் அங்கே களி அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குரோமியத்தை அலுமினியத்தாலோ இரும்பாலோ வகுத்துப் பார்க்கிறார்கள். அந்த வகுத்தல் இல்லாமல் வரும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அது அபாயம் என்று சொன்னாலும் சரி, அபாயம் இல்லை என்று சொன்னாலும் சரி.

தண்ணீரை மட்டும் அளப்பதிலும் அதே குறை. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தரவரம்பு. கடல்நீரில் அது பெரும்பாலும் தென்படவே தென்படாது. காலையில் எடுத்தால் ஒன்று, மாலையில் எடுத்தால் ஒன்று. பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நீரை வடிகட்டிச் சாப்பிடும் பச்சை மட்டி நம்பகமான சாட்சி; 1970-களில் அமெரிக்காவில் கரை முழுவதும் மட்டிகளை அளக்கும் திட்டமே தொடங்கினார்கள். நம் பக்கம் கோவளத்துப் பாறைகளிலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர்க் குகையிலும் இந்த மட்டி கொழித்து வளர்கிறது. நிலையத்துக்காரர்களுக்கு அது குழாயை அடைக்கும் தொல்லை. அதனாலேயே அதைப் பற்றி அங்கே நிறைய ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள்.

எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டுமானால் மேற்சேறு போதாது. வெள்ளம் புரட்டிப் போடாத இடமாக, இடையூர் பக்கத்து உப்பங்கழிபோல் ஒன்றைத் தேர்ந்து, நீளக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்குக் குலையாமல் சேற்றை எடுக்க வேண்டும். விரல் பருமனுக்கு ஒரு வில்லையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குரோமியத்தையும் அலுமினியத்தையும் அளக்க வேண்டும். எந்த வில்லை எந்த ஆண்டு என்பதை ஈயம்-210 சொல்லும். அது கதிரியக்க ஈயம். அரையாயுள் 22 ஆண்டு சொச்சம். நூறு, நூற்றைம்பது ஆண்டுவரை கணக்கு நிற்கும். சாட்டர்ட்டனின் பட்டறைக்கு முந்தைய சேறு கீழே கிடைக்கும். பாறையின் சொந்தப் பங்கு எவ்வளவு என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். மேலே வரவர 1973-க்குப் பின் எண் ஏறுகிறதா, கழிவுநீர் விதி வந்த பிறகு இறங்குகிறதா, 2021 வெள்ளம் ஒரு பட்டையாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். அணுகுண்டுச் சோதனைகள் உலகம் முழுக்கத் தூவிய சீசியம்-137, 1963-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போனது. அந்த அடுக்கைக் கண்டுபிடித்தால் ஈயம் சொல்லும் தேதி சரிதானா என்று ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு முக்கியமாக வேண்டியது நல்ல காமா நிறமாலைமானி. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே, கல்பாக்கம் அணுவளாகத்தின் வேலிக்குள், அன்றாடம் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.